வீட்டுக்குள்ளேயே ஓஹாயோவும் மிச்சிகனும்: நான் யார் பக்கம் நிற்பது? (2025 சீசனுக்கு முன் நடந்த பேச்சு)

இடதுகால் காக்கா, கீழக்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இங்கே எப்போதும் நம்ம ஊர் செவன்ஸ், சந்தோஷ் டிராபி, மெஸ்ஸி என்றுதான் பேச்சு ஓடும். இன்று நான் கேட்கப்போவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் பற்றி. திட்டாதீர்கள், காரணம் இருக்கிறது.

என் லாத்தா (அக்கா) மகன் போன வருஷம் மேல்படிப்புக்கு ஓஹாயோ ஸ்டேட் போனான், கொலம்பஸ் ஊர். என் மச்சானின் மகள் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆன் ஆர்பரில் இருக்கிறாள். ரெண்டு பேரும் சின்னதில் ஒரே சகனை (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) சுற்றி உட்கார்ந்து நல்லி எலும்புக்குச் சண்டை போட்டவர்கள், அதோடு பகை முடிந்தது என்று நினைத்திருந்தோம். போன நவம்பரில் (2024) இவன் குடும்ப வாட்ஸப் குழுவில் வரிசையாகப் படம் அனுப்புகிறான்: வளாகத்தில் எந்தப் பலகையில் 'எம்' என்ற எழுத்து இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சிகனின் முதல் எழுத்தாம், அந்த வாரம் முழுக்க அது கண்ணில் படக்கூடாதாம். நான் ஏதோ பெயின்ட் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை இவன் ஊரிலேயே வைத்து மிச்சிகன் 13-10 என்று ஜெயித்துவிட்டது. அவள் சிரிப்புச் சத்தத்தை மட்டும் ஒன்பது வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாள், இவன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். லாத்தா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, குழுவுக்கு நான்தான் அட்மின் என்பதால்.

பெரிய கூத்து ஜனவரியில். நோட்டர் டேமை 34-23 என்று அடித்து ஓஹாயோ ஸ்டேட் நாட்டுக்கே சாம்பியன். பையன் மனசு ஆறியிருக்கும் என்று போன் போட்டு வாழ்த்துச் சொன்னால், "அதெல்லாம் சரி மாமா, ஆனா மிச்சிகன்கிட்ட தோத்துட்டோமே" என்கிறான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் முகாரி பாடி நான் பார்த்ததில்லை.

நான் படித்த கல்லூரியிலும் டீம் இருந்தது, நானே லெஃப்ட் விங். எங்கள் மேட்சுக்கு வந்த கூட்டம் ஏழெட்டுப் பேரும் நாலு ஆடும். ஒரு கல்லூரி டீமுக்கு இவ்வளவு வெறி எங்கிருந்து வருகிறது? புது சீசன் (2025) ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறதாம், எந்த மேட்சுக்குக் கண்விழிக்கலாம்? முக்கியமாக, நான் யார் பக்கம் நிற்பது? ரெண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது.

பாம்பன் கச்சான்:

காக்கா, நான் ஹூஸ்டனில் ஏழு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், எனக்கும் முதல் வருஷம் இதே குழப்பம்தான். திங்கட்கிழமை ஆபீஸில் ஒருவர் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாரே, வீட்டில் ஏதும் துக்கமோ என்று விசாரித்து அசடு வழிந்திருக்கிறேன்.

கல்லூரி டீம் என்றதும் நமக்கு ஒரு பஸ், வாடகை ஜெர்ஸி, மதியம் பொட்டலச் சாப்பாடு ஞாபகம் வருகிறது. அங்கே நிலவரம் தலைகீழ். முதல் மேட்ச் 1869 நவம்பர் 6-ல் நடந்தது, ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும், பக்கத்துக்கு 25 பேர், ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. (அன்றைய விதிப்படி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. தொண்டிக்காரர் வந்து கிண்டல் செய்வதற்குள் சொல்லிவிடுகிறேன், ஃபுட்பால் என்று பெயர் வைத்தபோது பொருத்தமாகத்தான் வைத்தார்கள்.) சம்பளத்துக்கு ஆடுகிற என்எஃப்எல் 1920-ல்தான் வந்தது, அதற்குள் ஐம்பது வருஷம் கல்லூரி ஆட்டம் ஊறிவிட்டது. இன்றைக்கும் என்எஃப்எல்லில் 32 டீம்தான், அலபாமா மாதிரி மாநிலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே கல்லூரி வாசலை மிதிக்காத மெக்கானிக்கும் ஒரு கல்லூரிக்காரர்தான், தாத்தா காலத்திலிருந்து.

மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 இருக்கை. 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் நகராட்சியில் 61,440 பேர், உங்கள் கீழக்கரையில் 38,355. ரெண்டு ஊரையும் கைக்குழந்தை உட்பட வாரிக்கொண்டு போய் உட்காரவைத்தாலும் ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கை காலியாகக் கிடக்கும்.

அப்புறம் இந்தக் குறிப்பிட்ட பகை. ஆட்டத்துக்கு முன்னாலேயே எல்லைத் தகராறு. 1835-ல் டொலிடோ பகுதி யாருக்கு என்று ரெண்டு பக்கமும் ஆயுதத்தோடு ஆள் திரட்டி நின்றார்கள். கடைசியில் டொலிடோ ஓஹாயோவுக்கு, ஈடாக மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய தீபகற்பம். 1974-லிருந்து கச்சத்தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் மேட்ச் 1897-ல், மிச்சிகன் 34-0. எனக்குப் பிடித்தது 1950 மேட்ச், பனிப்புயலில் ஆடியது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால்தான் பந்து உங்கள் கையில் தங்கும், அதுதான் ஆட்டத்தின் அடிப்படை. அன்று மிச்சிகன் கடைசி வரை ஒரு தடவைகூட அந்தப் பத்து கெஜத்தை எட்டவில்லை, ஆனாலும் 9-3 என்று ஜெயித்தது! எதிரி உதைத்த பந்தைக் குறுக்கே விழுந்து தடுத்தே அத்தனை புள்ளியும். கோடு எது, பந்து எது என்று தெரியாத பனியில் ரெண்டு டீமும் சேர்ந்து 45 தடவை பந்தை உதைத்துத் தள்ளிவிட்டார்கள்.

1969 முதல் 1978 வரை பத்து வருஷம் இன்னும் சூடு. ஓஹாயோவில் கோச் வூடி ஹேய்ஸ், மிச்சிகனில் கோச் போ ஷெம்பெக்லர். பின்னவர் முன்னவரிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். குருவும் சிஷ்யனும் வருஷத்துக்கு ஒரு தடவை மோதினால் எப்படி இருக்கும்? பத்து மேட்சில் சிஷ்யனுக்கு ஐந்து, குருவுக்கு நாலு, ஒன்று டிரா. உங்கள் மருமகன் ஏன் குழுவை விட்டுப் போனான் என்று இப்போது புரிகிறதா?

தொண்டி டிஃபெண்டர்:

என் பெயரை இழுத்துவிட்டதால் வருகிறேன். அறுபது நிமிஷ ஆட்டம், முடிய மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஐந்து விநாடி ஓடுகிறார்கள், குவியலாக விழுகிறார்கள், எழுந்து வட்டமாக நின்று ரகசியம் பேசுகிறார்கள், விளம்பரம். என் மகன் இதற்குள் ஒரு வலையைப் பொத்தி முடித்துவிடுவான். பகை நல்லாத்தான் இருக்கிறது, ஆட்டம்தான் ஆகவில்லை.

உச்சிப்புளி நங்கூரம்:

தொண்டித் தம்பி சொல்வதில் பாதி நியாயம். நான் கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு இப்போது ஐஎன்எஸ் பருந்து தளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டி இருக்கிறேன். எனக்கு ஆட்டம் முழுசாகப் புரியாது, ஆனால் ஒரே ஒரு மேட்ச் வருஷம் தவறாமல் பார்ப்பேன்: ஆர்மி - நேவி. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியும் அனபோலிஸ் கடற்படைக் கல்லூரியும் 1890-லிருந்து ஆடுகிறார்கள். அதில் ஆடுகிற பையன்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் சீருடை போட்டுக் கப்பலுக்கோ முகாமுக்கோ போகிறவர்கள், கோடிகளை எதிர்பார்த்து ஆடுகிறவர்கள் இல்லை. மேட்ச் முடிந்ததும் ரெண்டு டீமும் சேர்ந்து முதலில் தோற்றவர்களின் மாணவர் கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்கும், அவர்களுடைய கல்லூரிப் பாட்டு பாடும்வரை ஜெயித்தவர்களும் அசையாமல் நிற்பார்கள். அதற்கப்புறம்தான் ஜெயித்தவர்களின் பாட்டு. அதனால் சீசன் பூராவும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது "ரெண்டாவதாகப் பாடணும்" என்பதுதான்.

போன டிசம்பரில் நேவி 31-13. எனக்குச் சம்பந்தமே இல்லாத நேவிதான், இருந்தாலும் அன்று நான் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். இந்த வருஷம் (2025) டிசம்பர் 13, பால்டிமோரில். நமக்கு அது ஞாயிறு விடியற்காலை ஒன்றரை மணி, ஸ்வெட்டர் தேவைப்படாத ஊரில் இருப்பதால் மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பெரியபட்டினம் விங்:

காக்கா, மிச்சிகன் - ஓஹாயோ பெரிய பகைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுப் பைத்தியம் பார்க்க வேண்டுமானால் அலபாமாவும் ஆபர்னும். ஒரே மாநிலம். அயர்ன் பவுல் என்பார்கள். 1893-ல் தொடங்கியது, 1907 மேட்ச் 6-6 என்று டிரா, அதற்கப்புறம் 41 வருஷம் இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடவே இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெளியூர் வருகிற ஆட்டக்காரருக்கு ஒரு நாள் படி மூணு டாலரா மூணரை டாலரா என்று பேச்சு முறிந்தது. அரை டாலர்! நடுவர் யார் என்பதிலும் இழுபறி. 1948-ல் மாநில சட்டமன்றம் தலையிட்டுத்தான் திரும்ப ஆட வைத்தார்கள், ரெண்டு கல்லூரி மாணவர் தலைவர்களும் சேர்ந்து ஒரு கைக்கோடாரியைப் பூங்காவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். சமாதானம் ஆன கையோடு அலபாமா 55-0 என்று அடித்தது. அடுத்த வருஷமே ஆபர்ன் 14-13.

2013-ஐ யூடியூபில் தேடிப் பாருங்கள். 28-28, ஒரே ஒரு விநாடி மிச்சம். முதலிடத்தில் இருந்த அலபாமா 57 கெஜத்திலிருந்து கோல் கம்பத்துக்கு உதைக்கிறது, பந்து எட்டவில்லை. ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பின்னால் நின்று அதைப் பிடித்து மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 109 கெஜம் ஓடினார், 34-28. அந்த ஓட்டத்தைத் தொண்டி டிஃபெண்டர் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் அசிங்கமானது. ஆபர்ன் ஊர் முக்கில் ரெண்டு ஓக் மரம், ஜெயித்தால் அந்தக் கிளைகளில் கழிவறைக் காகித உருளையை வீசிக் கொண்டாடுவார்கள். 2010-ல் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என்று ஜெயிக்க, அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களுக்குக் களைக்கொல்லி விஷத்தை ஊற்றிவிட்டு, ரேடியோவுக்குப் போன் செய்து தானே பெருமை அடித்துக்கொண்டார். 2013-ல் மரங்களை வெட்ட வேண்டியதாகிவிட்டது, அவர் சிறைக்குப் போனார். சங்க காலத்தில் பகை மன்னனின் காவல் மரத்தை வெட்டி முரசு செய்தார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். முரசுதான் செய்யவில்லை.

அந்த அரை டாலர் கதையைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நான் பத்தாவது படிக்கும்வரை மீன்பிடித் தடைக்காலம் வந்தால், ஏப்ரல் 15-லிருந்து மே கடைசிக்குள், எங்கள் தெருவுக்கும் பக்கத்து வலசைக்கும் ஒரு மேட்ச் உண்டு. சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த மீன்வலையைக் கோலுக்குக் கட்டி ஆடுவோம். மற்ற மாதமெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு வருஷம் அவர்கள் வந்த வேனுக்கு வாடகையில் பாதி நாங்கள் தருவதாகப் பேச்சு, ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தோம் என்று முறைத்துக்கொண்டு போனவர்கள்தான். பதினாலு வருஷம் ஆகிறது. நாங்கள் அதற்கப்புறம் கோப்பை எல்லாம் வாங்கியிருக்கிறோம், வெளியூர் போய். எதுவும் அந்த மேட்ச் மாதிரி இல்லை.

மண்டபம் கோலி:

பெரியபட்டினம் விங், அந்த வலசைக்காரன்தான் நான். அன்று கோலில் நின்றது நானேதான். ஐம்பது ரூபாய் ஒரு காரணமா? உன் மாமா விசிலோடு நின்றாரே, கோட்டைத் தாண்டாத பந்தைக் கோல் என்று ஊதினாரே, அதை ஏன் எழுதவில்லை?

பெரியபட்டினம் விங்:

தாண்டியது.

இடதுகால் காக்கா, கீழக்கரை:

தம்பிகளா, உங்கள் வழக்கைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள், என் குடும்பமே கோர்ட்டில் நிற்கிறது. பாம்பன் தம்பி, சீசன் பற்றிச் சொல்லுங்கள். மருமகன் வேறு "இந்த வருஷம் தோத்தாலும் பிளேஆஃப் இருக்கு" என்று இப்போதே ஜாமீன் எடுத்து வைக்கிறான்.

பாம்பன் கச்சான்:

அந்த ஜாமீனில்தான் இப்போது அங்கே பாதிச் சண்டை. 2023 வரை பிளேஆஃப் என்ற கடைசிக் கட்டத்துக்கு நாலே டீம்தான் போகும், நவம்பரில் மிச்சிகனிடம் தோற்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. 2024-லிருந்து பன்னிரண்டு டீம். ஓஹாயோ தோற்ற பிறகும் எட்டாவது வரிசையில் உள்ளே நுழைந்து டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று நாலு பேரையும் அடித்துக் கோப்பை வாங்கியது. பகை மேட்சுக்கு மதிப்புப் போச்சு என்று பலர் புலம்புகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், உங்கள் மருமகன் ஜனவரியில் சொன்னதே எனக்குப் போதும்.

பகையை உண்மையில் கொல்வது டிவி காசு. பெரிய பல்கலைக்கழகங்கள் ஒளிபரப்புப் பணத்துக்காக ஒரு கூட்டமைப்பிலிருந்து (தங்களுக்குள் ஆடிக்கொள்கிற டீம்களின் குழு) இன்னொன்றுக்குத் தாவுகின்றன. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்டு எம்மும் 2011-க்கப்புறம் பதிமூன்று வருஷம் ஆடவில்லை, ஏ அண்டு எம் வேறு கூட்டமைப்புக்குப் போனதால். அந்த இடைவெளியில் நான் ஹூஸ்டனில் இருந்தேன், நவம்பர் வந்தால் அங்கே வயசானவர்கள் எதையோ தொலைத்த மாதிரி பேசுவார்கள். டெக்சஸும் அங்கேயே சேர்ந்த பிறகு போன வருஷம் திரும்ப ஆடினார்கள், டெக்சஸ் 17-7. அதே தாவலில் ஓக்லஹோமாவுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் நடந்த மேட்ச் போச்சு, 2023 நவம்பர் 4-தான் கடைசி, ஸ்டேட் 27-24 என்று ஜெயித்து அந்த வெற்றியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இனி யாரும் அதைப் பறிக்க முடியாது, அவர்களுக்கு அதில் சந்தோஷமும் இல்லை.

ஆட்டக்காரர் பக்கமும் மாறிவிட்டது. 2025 ஜூலை 1-லிருந்து பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம், எல்லா விளையாட்டும் சேர்த்து முதல் வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. டீம் மாறுவதும் சுலபம். நம்ம செவன்ஸில் இறுதிப்போட்டிக்கு மட்டும் வெளியூர் ஆள் இறக்குவோமே, அதைச் சட்டப்படி செய்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது: 2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, கொலம்பஸில் டெக்சஸ் - ஓஹாயோ ஸ்டேட். அங்கே நண்பகல், நமக்கு இரவு ஒன்பதரை, இஷா தொழுதுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். ஜனவரி அரையிறுதியில் டெக்சஸை 28-14 என்று அனுப்பியது இதே ஓஹாயோதான், அதனால் கணக்குத் தீர்க்க வருவார்கள். டெக்சஸில் ஆர்ச் மேனிங் என்ற பையன், பழைய என்எஃப்எல் நட்சத்திரம் பேட்டன் மேனிங்கின் அண்ணன் மகன், அவன்மேல்தான் எல்லோர் கண்ணும். அக்டோபர் 11 டல்லாஸில் டெக்சஸ் - ஓக்லஹோமா, பொருட்காட்சி நடக்கிற இடத்துக்குள்ளேயே மைதானம், நடுக்கோட்டில் வகிடு எடுத்த மாதிரி பாதி ஒரு நிறம் பாதி ஒரு நிறம். நவம்பர் 29-ல் உங்கள் வீட்டு மேட்ச், இந்தத் தடவை ஆன் ஆர்பரில். அங்கே அதற்குள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பியிருப்பார்கள், நண்பகலில் தொடங்கினால் நமக்குப் பத்தரை. அன்றைக்கே ஆபர்னில் அயர்ன் பவுல்.

ஓஹாயோ கோச் ரயன் டே நாட்டுக் கோப்பையே வாங்கிக் கொடுத்தும், 2021-லிருந்து மிச்சிகனிடம் வரிசையாக நாலு தடவை தோற்றவர் என்றுதான் பேச்சு வாங்குகிறார். ஐந்தாவதையும் தோற்றால் பாவம் அந்த மனுஷன். போன தடவை மிச்சிகன் பையன்கள் கொலம்பஸ் மைதான நடுவில் கொடியை நடப்போய் அடிதடியாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்து, ரெண்டு பல்கலைக்கழகத்துக்கும் லட்சம் டாலர் அபராதம். ஓஹாயோ சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொடி நடுவதைக் குற்றமாக்கவே மசோதா கொண்டுவந்தார்.

உச்சிப்புளி நங்கூரம்:

யார் பக்கம் என்ற கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. காக்கா, ரெண்டு டீமின் தொப்பியும் ஒவ்வொன்று அனுப்பச் சொல்லுங்கள். பாதி ஆட்டம் இது, பாதி அது. கடைசியில் தோற்ற பிள்ளைக்கு முதல் போன். வயசில் பெரியவர் செய்ய வேண்டியது அதுதான்.

இடதுகால் காக்கா, கீழக்கரை:

நன்றி அண்ணே. ஆனால் தோற்ற பிள்ளைக்கு முதல் போன் போட்டால் அவன் எடுக்க மாட்டான், அனுபவம் இருக்கிறது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், நான் கூத்தாடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இப்போதே குழுவில் அறிவித்துவிட்டேன்: நவம்பர் 29-க்கு நான் நடுவர், தோற்றவர் குழுவை விட்டுப் போகக்கூடாது, போனால் பெருநாள் காசு கிடையாது. லாத்தா தம்ஸ்அப் போட்டார். ஆகஸ்ட் 30 மொட்டை மாடியில் பெரிய திரை வைக்கிறேன், வருகிறவர்கள் வரலாம், தொண்டி டிஃபெண்டர் வலையையும் எடுத்துக்கொண்டு வரலாம். சமோசா என் பொறுப்பு.

மண்டபம் கோலி:

வருகிறேன் காக்கா. பெரியபட்டினம் விங் வருகிறானா? வந்தால் அந்த ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பெரியபட்டினம் விங்:

கொண்டு வருகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கோடு எங்கே இருந்தது என்று அவரிடமே கேள்.